கதைக்கும் ஸனது கேட்போம்

வரலாற்று நாவல் எழுதுகிறவர் இல்லாத ஒருவரை உண்டாக்கலாமா என்று கேட்டால், தாராளமாக உண்டாக்கலாம் என்பதே என் பதில். நான் சண்டை பிடிக்க வந்திருப்பது அதற்காக அல்ல. எமது எழுத்தாளர்கள் உண்டாக்கிய ஆளை நாலு மேடை ஏற்றியதும் அவருக்குப் பிறப்புச் சான்றிதழும் கொடுத்துவிடுகிறார்கள். மறுபக்கம், உண்மையாகவே வாழ்ந்து, அரசாங்கக் கடிதங்களில் பெயர் பதிந்து, கொலையுண்டுபோன ஒரு மனிதரைக் கதைக்குள்கூட வரவிடுவதில்லை. இவ்விரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்பதைப் பதுளையிலிருந்து, என் காலடியில் கிடக்கும் உதாரணங்களை வைத்தே சொல்லப்போகிறேன். கோபிக்க விரும்புகிற நண்பர்கள் முழுவதும் வாசித்த பிறகு கோபிக்கட்டும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். கல்கி 1950இல் தொடங்கி 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் நிஜமான ஆள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவர் இருக்கிறார். ஆனால் குதிரையேறி வருவதும், வாய்த்துடுக்கால் வம்பில் மாட்டுவதும், பெண்களிடம் அசடு வழிவதும் கல்கியின் கைவேலை. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிக்கிறது. நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் எந்தக் கல்லிலும் இல்லை. 2022இலும் 2023இலும் திரைப்படம் வந்த பிறகு, நந்தினியின் சமாதி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். இதற்குக் கல்கியைக் குறை சொல்ல முடியாது. கதை முடிந்த பிறகு வரலாறு என்ன சொல்கிறது என்பதை முடிவுரையில் தனியே எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அவர் விடைபெற்றார். அதற்கு மேல், நந்தினியை வைத்து யாரும் காணி உறுதி எழுதுவதில்லை. அவளை நிஜமென்று நம்பினாலும் எவருடைய வாழ்வும் குடிமுழுகிப் போகாது.

எமது பிதாமகரும் இந்த விஷயத்தில் சுத்தமாகவே இருந்தார். சித்திலெப்பை 1885இல் எழுதியதுதான் ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பெருமை பேசுகிறோம். அதற்கு அவர் வைத்த பெயர் 'அசன்பேயுடைய கதை'. அக்காலத்தில் நாவலுக்குச் சரித்திரம் என்று பெயர் வைப்பது வழக்கம். 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'மே சாட்சி. 'அசன்பே சரித்திரம்' என்றும் இந்நூல் பின்னால் வழங்கியது உண்மைதான். ஆனாலும் அசன்பே எகிப்தில் வாழ்ந்தான், அவன் வாரிசுகள் நாங்கள் என்று கண்டியிலோ கொழும்பிலோ யாரும் கிளம்பவில்லை. கதையைக் கதையாக வாசிக்கத் தெரிந்த வாசகர்கள் எமக்கு அப்போதே இருந்தார்கள். இடையில் எங்கோ அந்தப் பழக்கம் கைநழுவிப் போயிருக்கிறது.

எங்கே நழுவியது என்பதற்கு மஹியங்கனைப் பக்கத்துப் பங்கரகம்மனவுக்குப் போகலாம். ஊவாவுக்குள்ளேயே இருக்கும் முஸ்லிம் ஊர். அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் கதையை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் கேட்காதவர் இருக்க முடியாது. எதிரிகளிடமிருந்து தப்பி ஓடிவந்த கண்டி மன்னன் மரப்பொந்தொன்றில் ஒளிகிறான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த முஸ்லிம் பெண்ணொருத்தியிடம் துரத்தி வந்தவர்கள் வழி கேட்கிறார்கள். அவள் சொல்ல மறுக்கிறாள். அவளை வெட்டிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். வெளியே வந்த மன்னன் அவளுடைய இரத்தத்தைப் பார்த்து 'மா ரெக லே', அதாவது என்னைக் காத்த இரத்தம் என்று அழுகிறான். அதிலிருந்தே முஸ்லிம்களுக்குச் சிங்களத்தில் 'மரக்கல' என்ற பெயர் வந்தது. ஊரும் அவளுடைய உறவினர்களுக்கு மானியமாகக் கிடைத்தது.

நல்ல கதை. நானும் மூன்று மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஒரு மேடையில் மன்னன் இரண்டாம் இராஜசிங்கன். இன்னொன்றில் அவனுடைய தந்தை செனரத். ஒரு மேடையில் துரத்தியவர்கள் போர்த்துக்கேயர். மற்றதில் உள்ளூர்க் கலகக்காரர். மூன்று மேடையிலும் மாறாமல் இருந்தது இரண்டுதான். ஒன்று, அந்தப் பெண்ணின் இரத்தம். மற்றது, அவளுக்குப் பெயர் இல்லாமை.

சொல்லாராய்ச்சியை எடுத்துக்கொள்வோம். மரக்கலம் என்றால் கப்பல் என்பது தமிழ் தெரிந்த எவருக்கும் தெரியும். கடலோடி வணிகம் செய்த முஸ்லிம்களுக்கு மரக்காயர், மரைக்காயர், மரிக்கார் என்ற பெயர்கள் தமிழகக் கரையிலும் மலையாளக் கரையிலும் வழங்கின. போர்த்துக்கேயருடன் கடலில் மோதிய கள்ளிக்கோட்டைக் குஞ்ஞாலி மரைக்கார்கள் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். நான்காம் குஞ்ஞாலி கோவாவில் கொல்லப்பட்டது 1600இல். இராஜசிங்கன் கண்டியில் அரியணை ஏறியது 1635 அளவில். மன்னன் மரப்பொந்துக்குள் ஒளிவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அந்தப் பெயருள்ளவரின் தலை கோவாவில் விழுந்துவிட்டது. அப்படியானால் பங்கரகம்மனவில் சிந்திய இரத்தத்திலிருந்து பெயர் பிறந்தது என்பது எப்படிப் பொருந்தும்? ஒலியொற்றுமையை வைத்துப் பின்னால் கட்டிய கதை இது. இராஜசிங்கனின் ஆட்சியில் 19 வருடங்கள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், 1664ஆம் ஆண்டுக் கலகத்தையும் மன்னன் காட்டுக்குள் ஓடியதையும் விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே இந்தப் பெண் இல்லை. நொக்ஸ் எழுதவில்லை என்பதால் அப்படி ஒருத்தி இருந்திருக்கவே முடியாது என்று நான் வாதிடவில்லை. ஒரு மன்னனுக்கு ஒரு கிராமத்துப் பெண் அடைக்கலம் கொடுத்திருக்கலாம், உயிரையும் கொடுத்திருக்கலாம். அதை ஊர் நினைவு என்று சொல்லுங்கள். வரலாறு என்று சொல்லாதீர்கள்.

இவ்விடத்தில் வழக்கமாக எழும் ஆட்சேபம் ஒன்றுண்டு. சமூகத்துக்கு நன்மை தருகிற கதையை ஏன் உடைக்க வேண்டும், இன்றைய நிலையில் இப்படிப்பட்ட கதைகள்தானே எமக்குக் கேடயம் என்கிறார்கள். இதற்குப் பதில் எமது மார்க்க அறிவு மரபிலேயே இருக்கிறது. செய்தியைக் கேட்டதும் அதன் ஸனதைக் கேட்பது, யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சோதிப்பது, அறிவிப்பாளரின் நேர்மையையும் ஞாபகசக்தியையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது என்பதை ஒரு கலையாகவே வளர்த்த சமூகம் நாம். அந்தக் கலையில் நூஹ் இப்னு அபீ மர்யம் என்ற பெயர் பிரசித்தமானது. மக்கள் குர்ஆனை விட்டு வேறு கல்விகளில் மூழ்கிவிட்டார்கள் என்று கவலைப்பட்டு, அத்தியாயங்களின் சிறப்பைப் பற்றி நபிமொழிகளைப் புனைந்தவர் என்று அவரை ஹதீஸ் கலை நூல்கள் காட்டுகின்றன. அவருடைய நோக்கத்தில் எவரும் குறை காணவில்லை. அவர் சொன்னதை மட்டும் இட்டுக்கட்டியது என்று தள்ளிவிட்டார்கள். குர்ஆனின் பெருமைக்காகச் சொன்ன பொய்யையே ஏற்காத மரபில் வந்தவர்கள், சமூகத்தின் பெருமைக்காகச் சொல்கிற பொய்யை எந்தக் கணக்கில் ஏற்கிறோம்?

ஆதாரமுள்ள செய்தியின் மேல் கட்டுக்கதை எப்படிப் படிகிறது என்பதைப் பதுளை நகரத்திலேயே நின்று பார்க்கலாம். இங்கே ஆங்கில அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேரெடுத்தவர். 1845 ஜூன் 7ஆந் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட 1857ஆம் ஆண்டுப் புனித மாற்கு தேவாலயம் இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. இவ்வளவும் பதிவு. யானைகளின் சாபம் தீராமல் நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையிலும் ஆண்டுதோறும் இடி விழுகிறது என்பது பதிவின் மேல் வளர்ந்த புல். நாவலாசிரியருக்கு இரண்டும் வேண்டும். இடி விழுந்த செய்தி கதைக்கு எலும்பு; சாபம், யானைக்காக இரங்கிய மக்களின் மனம். எது எலும்பு, எது மனம் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் கேட்கிறேன்.

முஸ்லிம் எழுத்தாளர்களை மட்டும் குற்றம் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வாப்பா தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சந்தியில் கடை வைத்திருந்தார். லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்து, பிற்காலத்தில் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவன் நான். அங்கேயும் இதே வியாதி இருக்கிறது. தெமோதரையில் ரயில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்குக் கீழே சுரங்கம் வழியாகத் தன் பாதையையே தான் கடந்து போகும். மலைச்சரிவை எப்படி இறக்குவது என்று தவித்துக்கொண்டிருந்த பொறியியலாளர், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றுவதைப் பார்த்து இந்த வழியைக் கண்டுபிடித்தாராம். சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுகிற கதை. இப்போது எமது மலையகச் சிறுகதைகளுக்குள்ளும் தலைகாட்டுகிறது.

ரயில் பாதை பதுளைக்கு வந்தது 1924இல். டார்ஜிலிங் மலை ரயில் சுற்றிச் சுற்றி ஏறத் தொடங்கியது 1881இல். சுவிற்சர்லாந்தின் கொத்தார்ட் பாதையில் சுருள் சுரங்கங்கள் வழியே ரயில் ஓடியது 1882இல். நாற்பது வருடங்களாகப் பொறியியலாளர்கள் கையாண்ட ஒரு முறையைக் கற்பிக்கத் தலைப்பாகை தேவைப்பட்டிருக்காது. பக்கத்திலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. அப்புஹாமி என்ற கிராமத்தவர், துரைமார் நம்பாதபோதும் உள்ளூர் ஆட்களை வைத்து இரும்பில்லாமல் அதைக் கட்டிக் கொடுத்தாராம். 1921இல் முடிந்த அந்தப் பாலத்தைப் பற்றி, கொங்கிரீட் பாலமொன்றைக் கட்டிய விதம் என்று இலங்கைப் பொறியியல் சங்கம் 1923இல் வெளியிட்ட கட்டுரையே வரைபடங்களோடு இருக்கிறது. கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிங்களக் கிராமத்தவருக்குக் கதையில் பெயர் இருக்கிறது. தமிழ்க் கங்காணிக்குத் தலைப்பாகைதான் இருக்கிறது. பங்கரகம்மனப் பெண்ணுக்கு இரத்தம் மட்டும் இருந்தது போல.

அந்தத் தலைப்பாகைக் கதையில் எனக்குப் பெரிய வருத்தம் வேறொன்று. அது கங்காணியை ஞானியாக்கி, அவர் கையில் இருந்ததை மறைக்கிறது. தொழிலாளியின் கடன் தொகையை எழுதி, அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆளை மாற்றிவிடுகிற துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல். பாலம் முடிந்த அதே ஆண்டு! பாலத்தின் மேல் நின்று படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை சிறுகதையில் இது வந்திருக்கிறது? ஊவாத் தோட்டங்களின் வரலாற்றுப் பாத்திரங்களை எழுத நினைப்பவருக்கு ஆவணம் இல்லாமலில்லை. தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருக்கிறது. கடைக்காரரின் கடன் கொப்பியில் அரிசியும் கருவாடும் மண்ணெண்ணெயும் வாங்கியவரின் பெயர் இருக்கிறது. எங்கள் கடையிலும் அப்படிப்பட்ட கொப்பிகள் இருந்தன. ஒரு பெயருக்கு நேரே திடீரென்று பற்று நின்றுபோயிருக்கும். அந்த ஆள் செத்துப் போனாரா, கப்பலேறினாரா என்பதை அந்த வெற்று வரிசையிலிருந்து ஒரு நாவல் தொடங்கலாம். அதை விட்டுவிட்டுத் தலைப்பாகையின் பின்னால் ஓடுகிறார்கள்.

இந்தக் கதைகள் கேடயம் என்று சொன்னவர்களுக்கு 1948ஐ நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிடம் தெமோதரையில் யார் யோசனை சொன்னார் என்று கேட்கவில்லை. தகப்பன் எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார், கடதாசி எங்கே என்று கேட்டது. கடதாசி இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். கடதாசி கேட்கிறவனிடம் தொன்மத்தை நீட்டினால் அவன் சிரிப்பான்.

இனி, வரவிடாமல் நிறுத்தி வைத்திருக்கும் மனிதருக்கு வருகிறேன். அவர் பெயர் ஹாஜி மரிக்கார். வெல்லஸ்ஸ முஸ்லிம்.

1815 மார்ச் 2ஆந் திகதிய கண்டி உடன்படிக்கைக்குப் பிறகு மலைநாடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பதுளையில் அவர்களுடைய அதிகாரியாக இருந்தவர் சில்வெஸ்டர் வில்சன். அவர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு முஹாந்திரமாக ஹாஜி மரிக்காரை நியமித்தார். வெல்லஸ்ஸவில் அதுவரை அதிகாரம் செலுத்திய சிங்களப் பிரதானிகளுக்கு இது பொறுக்கவில்லை. 1817இல், மன்னர் பரம்பரை என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வெல்லஸ்ஸக் காட்டுக்குள் ஆட்களைத் திரட்டுகிறான் என்ற செய்தி வந்தபோது, அதை விசாரிக்கப் போன ஹாஜி மரிக்கார் பிடிபட்டு, அவன் முன்னால் கொண்டுபோகப்பட்டு, பின்னர் கொல்லப்பட்டார். நிலைமையைப் பார்க்க மலாய்ச் சிப்பாய்களோடு பதுளையிலிருந்து போன வில்சன் அதே செப்டம்பரில் அம்பெய்து கொல்லப்பட்டார். ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி அப்படித்தான் மூண்டது. அதை அடக்குகிறோம் என்று ஆங்கிலேயர் ஊர்களைக் கொளுத்தி, நெல்லை அழித்து, மாடுகளைக் கொன்று, ஊவாவைச் சுடுகாடாக்கினார்கள். பிறகு 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் உரித்துக் காட்ட முடியாத நிலத்தை முடிக்குரியதாக்கியது. கோப்பி வந்தது, தேயிலை வந்தது, லயம் வந்தது. ஆகவே ஹாஜி மரிக்காரின் கதை பழைய கண்டியின் கதை மட்டுமல்ல. தோட்டத்துக்கு முந்திய அத்தியாயமும் அதுவே.

போல் ஈ. பீரிஸ் 1950இல் எழுதிய நூலில் இவரைக் காணலாம். அப்படியிருந்தும் இவரை நடுவில் வைத்து எம்மவர் யாரும் நாவல் எழுத முன்வரவில்லை. காரணம் கேட்டால் ஒரு நண்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அவர் ஆங்கிலேயரின் ஆளல்லவா? எழுதினால் எங்களைக் காட்டிக்கொடுத்த கூட்டம் என்று சொல்ல மாட்டார்களா?" இதுதான் விஷயம். பங்கரகம்மனப் பெண் மன்னனுக்காகச் செத்தாள்; ஆகவே மேடையேறுகிறாள். ஹாஜி மரிக்கார் முடிக்குரிய உத்தியோகத்தில் செத்தார், ஆகவே மறைக்கப்படுகிறார். ஆதாரம் எந்தப் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை. பயன் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பயமும் அரைகுறை அறிவில் பிறந்தது. கிளர்ச்சியின் மாவீரராக இன்று போற்றப்படும் கெப்பெட்டிபொல யார்? ஆங்கிலேயரின் கீழ் ஊவாவின் திசாவையாக இருந்தவர். கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயராலேயே அனுப்பப்பட்டு, பிறகு கிளர்ச்சியாளரோடு சேர்ந்து, 1818 நவம்பர் 26ஆந் திகதி கண்டியில் தலை வெட்டுண்டவர். 1817இல் உத்தியோகம் ஏற்றது துரோகம் என்றால் அந்தப் பட்டியலில் முதலில் வருபவர்கள் பிரதானிகளே. 1815இல் கையெழுத்திட்டவர்களும் அவர்களே. ஆங்கிலேயர் துரோகிகள் என்று பிரகடனம் செய்த கிளர்ச்சித் தலைவர்களைத் தேசிய வீரர்கள் என்று 2016இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். நல்லது. அதே காட்டில் கொல்லப்பட்ட ஹாஜி மரிக்காரை வீரர் என்றும் அறிவிக்கத் தேவையில்லை, துரோகி என்றும் அறிவிக்கத் தேவையில்லை. நாவலாசிரியருக்கு அரசாங்க அறிவித்தல் எதற்கு?

ஹாஜி மரிக்காரைக் கொன்றவன் யார் என்பதைக் கேளுங்கள். இந்தக் கட்டுரையின் விஷயம் அங்கேதான் உச்சத்துக்குப் போகிறது. தன்னைத் துரைசாமி என்றும், நாடுகடத்தப்பட்ட நாயக்க மன்னரின் உறவினன் என்றும் சொல்லிக்கொண்டான். பிரதானிகள் அவனை மன்னன் என்று ஏற்றார்கள். உண்மையில் அவன் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. கிளர்ச்சி நொடிந்துகொண்டிருந்த 1818இல் மடுகல்லே அவனுடைய வேடத்தைக் கலைத்து விலங்கில் மாட்டினான். அதாவது, ஒரு மனிதன் தன்னையே வரலாற்றுப் பாத்திரமாகப் புனைந்துகொண்டான். அந்தப் புனைவின் முன்னால் நிஜமான ஒரு முஸ்லிம் மண்டியிட்டு உயிர்விட்டார்! புனைவு எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்ப்பது பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் வெல்லஸ்ஸக் காட்டில் ஒரு நாள் நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

ஹாஜி மரிக்காரைப் பற்றிய செய்திகளுக்கும் ஸனது கேட்க வேண்டும் என்பதை மறக்கவில்லை. அவரைப் பற்றி எமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கில அதிகாரிகளின் எழுத்து. தங்கள் நியமனம் சரி, பிரதானிகளின் பொறாமைதான் கலகத்துக்குக் காரணம் என்று காட்டுவதில் அவர்களுக்கு நலன் இருந்தது. அறிவிப்பாளரின் நலனைக் கணக்கில் எடுக்க ஹதீஸ் கலை எமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் அவருடைய பெயர், ஊர், உத்தியோகம், கொலை ஆகியவை மிஞ்சுகின்றன. கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் பொதிமாட்டுத் தவளங்களை ஓட்டி உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு ஏற்றி, பாக்கும் மிளகும் கரைக்கு இறக்கியது பதிவிலுள்ள செய்தி. அவர்களில் பலர் 'மடிகே பத்த' என்ற போக்குவரத்துப் பகுதியின் கீழ் அரசனுக்கு ஊழியம் செய்தார்கள். ஹாஜி மரிக்கார் அந்த உலகத்து மனிதர். பதவி வந்தபோது என்ன நினைத்தார், காட்டுக்குப் புறப்பட்ட காலையில் வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனார், தவளத்தில் கூடவந்த சிங்கள நண்பர் யார் பக்கம் நின்றார் என்பதெல்லாம் எந்தக் கடிதத்திலும் இல்லை. அங்கேதான் நாவலாசிரியருக்கு வேலை. அந்த வெற்றிடத்தில் எத்தனை பாத்திரங்களை வேண்டுமானாலும் உண்டாக்குங்கள்; ஒருவரும் மறிக்க மாட்டார்கள்.

கேடயக் கதைக்கு இறுதியாக ஒரு கேள்வி. 2019 ஏப்ரல் 21ஆந் திகதிக்குப் பிறகு, அதே மே மாதத்தில், மஹியங்கனைப் பகுதியில் முஸ்லிம் பெண்ணொருவர் கைதுசெய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவருடைய ஆடையில் கப்பல் சுக்கானின் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அதைத் தர்மச் சக்கரம் என்றார்கள். மரக்கலத்தின் சக்கரம்! 'மா ரெக லே' என்று மன்னன் அழுததாக நாம் மேடைக்கு மேடை சொல்லும் அதே பிரதேசத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணை அந்தக் கதை ஒரு நாள்கூடக் காப்பாற்றவில்லை. அவருக்காக வாதாடியது சட்டமும் சட்டத்தரணிகளும்.

அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் நாம் ஒப்புக்கொள்வது என்னவென்று யோசித்தோமா? இந்த நாட்டில் இருப்பதற்கு நாம் இரத்தம் கொடுத்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். கொடுத்தோம் என்று நிரூபிக்க ஒரு பெண்ணின் பிணத்தை முன்னால் வைக்கிறோம். தோட்டத்து நண்பர்கள் தலைப்பாகையை வைப்பதும் அதே நிரூபணம்தான். எங்கள் யோசனையில்தான் உங்கள் ரயில் ஓடுகிறது, ஆகவே எங்களை இருக்க விடுங்கள் என்கிறார்கள். குடியிருக்கும் உரிமைக்கு இப்படி வாடகை கட்டுகிறவர்களிடம் நாளைக்கு வாடகையைக் கூட்டிக் கேட்பார்கள். ஹாஜி மரிக்காரை அவருடைய பதவியோடும் பிழையோடும் அச்சத்தோடும் எழுதத் துணிகிற சமூகம் வாடகை கட்டுவதை நிறுத்திவிட்ட சமூகமாக இருக்கும்.

கேட்பது மூன்றே மூன்று. வரலாற்று நாவல் எழுதுகிறவர் நூலின் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கி, இன்னின்னார் பதிவில் இருப்பவர், இன்னின்னார் என் கற்பனை என்று எழுதட்டும். அதனால் நாவலின் அழகு ஒரு துளியும் குறையாது. இரண்டாவது, மேடைக்காரர்களும் கட்டுரைக்காரர்களும் பங்கரகம்மனக் கதையைச் சொல்லும்போது 'ஊரில் சொல்லப்படுகிறது' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துக்கொள்ளட்டும். மூன்றாவது வேலை எமது இளம் எழுத்தாளர்களுக்கு. பங்கரகம்மனவிலும் பிபிலையிலும் பசறை, லுணுகலைத் தோட்டங்களின் லயங்களிலும் இன்னும் கதை சொல்லும் மூத்தம்மாக்களும் பாட்டிமாரும் இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள். சொன்னவர் பெயர், வயது, ஊர், அவர் யாரிடம் கேட்டார், எந்தத் திகதியில் உங்களிடம் சொன்னார் என்று எழுதி வையுங்கள். கதை பொய்யாகவே இருந்தாலும் அந்தப் பக்கம் வரலாறாகிவிடும். அந்த மூத்தம்மாவுக்காவது ஒரு பெயர் இருக்கும்.